வீட்டம்மாவின் பிராது

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் சொந்தக்கார அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதை நான் கேட்டுக்கொண்டதில்லை. குடியிருந்த எல்லோரும் வீட்டுக்காரம்மா என்றோம். அவருடைய கணவர் ‘இந்தா’ என்று கூப்பிடுவார், அதுவும் எப்போதாவதுதான். அப்போதுதான் பேச்சு கூடிவந்துகொண்டிருந்த என் மகள் சாந்தி அதைச் சுருக்கி ‘வீட்டம்மா’ ஆக்கிக்கொண்டாள். பிறகு நாங்களும் வீட்டுக்குள் அப்படியே சொல்லத் தொடங்கினோம்.

வீட்டம்மா சண்டை போடுவார். அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான். கெட்ட வார்த்தை பேசமாட்டார், கையை ஓங்கமாட்டார். கேள்வி கேட்பார். பதில் வரும்வரை ஆளை நகரவிடமாட்டார். பாலில் ஏன் இன்றைக்கு இவ்வளவு நுரை என்று பால்காரரிடம் கேட்பார். உங்கள் நாய் காலையில் யாரைப் பார்த்துக் குரைத்தது என்று எதிர்வீட்டில் போய் நிற்பார். மழை பெய்யாவிட்டால்கூட யாரையாவது பிடித்து ஏன் என்று கேட்டுவிடுவாரோ என்று தோன்றும். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களைப்போலத் தெற்கிலிருந்து ஃபாக்டரி வேலைக்கு வந்தவர்களிடம் தமிழ். எதிராளிக்கு எந்த மொழி சரியாக வராதோ அதில்தான் சண்டை போடுவார் என்பாள் என் மனைவி.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் கிரைண்டிங் பிரிவில் வேலை கிடைத்து வந்தேன். வீடு கேட்டுப் போன அன்றைக்கே வீட்டம்மா சண்டையை ஆரம்பித்துவிட்டார். என் மனைவியின் இடுப்பிலிருந்த சாந்தியைப் பார்த்து, “புள்ள அழுவுமா?” என்று கேட்டார்.

“அழமாட்டாம்மா. அழவே விடமாட்டோம்” என்றாள் என் மனைவி. வீடு கிடைக்க வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

“ஏன் அழாது? அழாத புள்ள எங்க கீது? ஒன்னு நீ பொய் சொல்ற, இல்ல புள்ளைக்கு ஏதோ கீது.”

எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு வீடு பார்க்கலாம் என்றுகூட நினைத்தோம். ஆனால் அவர் கேட்டதில் ஒரு விஷயம் இருந்தது. சாந்தியை நாங்கள் அழவிடுவதில்லை என்பது உண்மை. அழுதால் அவளுக்கு மூச்சு வாங்கும், உடம்பு ஒருமாதிரி துவண்டுபோகும். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் சாந்தி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு குந்திவிட்டாள். அவள் அடிக்கடி அப்படிச் செய்வாள். விளையாட்டு என்று நினைத்திருந்தோம். குடத்தோடு வந்த வீட்டம்மா, “வழியில என்னாத்துக்கு குந்தற, எந்திரி” என்று அதட்டினார். அவள் எழவில்லை. குனிந்து பார்த்தவர், குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டார்.

“நாவப்பழம் குடுத்தியா?”

“இல்லீங்களே.”

“அப்ப வாய் ஏன் இந்தக் கலர்ல கீது?”

“அவ நிறமே கொஞ்சம் அப்படித்தாம்மா.”

“நிறம் காலைல ஒன்னு, ஓடினா ஒன்னு இருக்குமா? நகத்தப் பாரு. பாத்தியா, இல்லையா? நீங்கல்லாம் பெத்தவங்கதானா?”

அன்றைக்கு ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து வரும்போது வாசலில் நிற்பார். “டாக்டரு இன்னா சொன்னாரு?” நாங்கள் டாக்டரிடம் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே மறுநாளும் கேட்பார். அவருடைய வாயிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் கடைசியில் போனோம் என்று சொல்ல வேண்டும். தொழிலாளர் மருந்தகத்து டாக்டர் சாந்தியின் நெஞ்சில் குழலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பெங்களூருக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

பெங்களூரில் இருதய ஆபரேஷன் செய்யும் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இதயத்துக்குள் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் அடைப்பு, இரண்டும் பிறவியிலேயே. திறந்துதான் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இப்படிக் குந்திக்குந்தி ஒருநாள் எழாமல் போய்விடுவாள். செய்தாலும் உறுதி சொல்ல முடியாது.

ஆபரேஷனுக்காக நாங்கள் புறப்பட்ட காலையில் வீட்டம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை.

“உங்களுக்கு கன்னடம் வருமா? ஏதாச்சும் கேட்டா முழிச்சிக்கிட்டு நிப்பீங்க. நட.”

பஸ்ஸில் அவர் கணவரைப் பற்றிக் கேட்டேன், தனியாகச் சமைத்துக்கொள்வாரா என்று. “அவரு எதுவுமே கேக்கமாட்டாரு. சோறு இல்லன்னாலும் கேக்கமாட்டாரு” என்றார். அவர்களுடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போன கதை எனக்கு ஓரளவு தெரியும். அந்த நிலத்துக்கு வந்த பணத்தில்தான் இந்த வரிசை வீடுகளைக் கட்டினார்கள். என் கம்பெனி கம்ப்ரசர் ஓடும் இடத்தில்தான் அவருடைய கிணறு இருந்தது என்று சொல்வார். “எல்லாரும் ரேகை வச்சிட்டுப் போனாங்கோ. நான் மட்டும் நின்னு கேட்டேன், என் கெணத்துல இன்னும் தண்ணி கீதே, அதுக்கு இன்னா பதில்னு. எவனும் சொல்லல.” அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கணவரோ ஒருமுறை, தாலி கட்டுகிற நேரத்திலேயே நாதஸ்வரக்காரரிடம் தகராறு செய்தவள் என்றார். அதனால் காரணம் எதுவும் எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் நடந்த பொழுதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. உட்கார்ந்திருந்தோம். முடிந்தபிறகு கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். வாயில் குழாய், நெஞ்சில் குழாய், கழுத்தில் ஊசி. இத்தனைக்கும் நடுவில் என் மகளின் உதடு சிவப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த நிறத்தை அவள் உதட்டில் நான் பார்த்ததில்லை. வேறு யாருடைய பிள்ளையையோ காட்டுகிறார்கள் என்று நினைத்து நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் முழங்கால் தழும்பை வைத்து அடையாளம் தெரிந்தது.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றியபோது இனிப் பயமில்லை என்று நினைத்தோம். பயம் அங்கேதான் தொடங்கியது. சாந்தி எங்களைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். எல்லாவற்றையும்விட, இருமவில்லை. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இருமினால் உயிர் போகிற வலி. மூச்சைக்கூட அவள் மேலோட்டமாக, திருடுவதுபோல எடுத்தாள். முதுகைத் தட்டிச் சளி எடுக்க ஒரு பெண் வருவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே சாந்தியின் விரல்கள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

“இருமணும்” என்றார் டாக்டர். இளவயதுக்காரர், தமிழ் தெரிந்தவர். “அழட்டும், கத்தட்டும், பரவாயில்ல. சளி உள்ளயே தங்கிச்சுன்னா நுரையீரல் சுருங்கிடும். அப்புறம் திரும்ப மிஷின்லதான் வைக்கணும்.”

அழவே விடாமல் வளர்த்த பிள்ளையை அழவைக்கச் சொன்னார்கள். என் மனைவி கெஞ்சினாள். “கண்ணு, ஒரே ஒரு தடவை. அம்மாவுக்காக.” பலூன் வாங்கிவந்தேன். ஊதச் சொன்னேன். அது அவள் தலையணைமேல் காற்றில்லாமல் கிடந்தது. மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் இடது பக்கம் கீழே வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை கூடாது என்றார்கள். சாந்தியின் மூக்கு மடல் மூச்சுக்கு மூச்சு விரிந்து மூடியது.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே என் மனைவி வந்தாள். அழுகையெல்லாம் தீர்ந்த குரலில் சொன்னாள்:

“நீலமாவே இருந்திருக்கலாங்க. நீலமா இருந்தாலும் எங்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தா.”

எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கீழே வீட்டம்மாவின் குரல் கேட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு ஓசூருக்குத் திரும்பியிருந்தவர், சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு அத்திப்பள்ளி வழி பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். வாட்ச்மேன் பாஸ் கேட்கிறார். இவர் கன்னடத்தில், “யாக்கே?” என்கிறார். ஏன் என்று அர்த்தம். எதற்குப் பாஸ், யார் கொடுப்பது, கொடுப்பவர் எங்கே, அவர் ஏன் இப்போது இல்லை என்று யாக்கே யாக்கேயாகக் கேட்டு, கடைசியில் வாட்ச்மேன் ஒதுங்கிக்கொண்டார்.

நேராகக் கட்டிலுக்கு வந்தார். சாந்தியை மேலிருந்து கீழே பார்த்தார். ஐயோ என்றோ கண்ணே என்றோ சொல்லவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏய், முத்தத்துக் குழாய ஏன் உடைச்ச?”

என் மனைவி திடுக்கிட்டு, “அம்மா” என்றாள்.

“நீ சும்மா இரு. உன்னக் கேக்கல. சொல்லுடி. தண்ணி பூரா தெருவுல ஓடுது. நீதான் உடைச்சிட்டு இங்க வந்து ஜம்முனு படுத்துக்கிட்ட.”

சாந்தியின் முகம் சுவரிலிருந்து திரும்பியது. எங்களுக்காகத் திரும்பாத முகம்.

“முழிக்கற? கோடிவீட்டுப் பொண்ணு பாத்துச்சாம். நீ தொங்கினியாம் அதப் புடிச்சிக்கிட்டு.”

சாந்தியின் உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

“இன்னா? காதுல உழல.”

“நா இல்ல.”

“கேக்கலடி.”

“நான் இல்ல.” அந்தச் சத்தம் நெஞ்சைப் பிடித்து இழுக்க, இருமல் வந்துவிட்டது. என் மனைவி ஓடிப்போய், நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தபடி தலையணையை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். சாந்தி இருமினாள், கத்தினாள், மறுபடி இருமினாள். கெட்டியான சளி வந்தது. நர்ஸ் துணியோடு ஓடிவந்தாள். பிள்ளை வலியில் துடிக்கிறது, நாங்கள் இருவரும் கண்ணீரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறோம். வீட்டம்மா மட்டும் விடவில்லை.

“நீ இல்லன்னா அப்ப யாரு? பேரச் சொல்லு.”

அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். மாற்றுத்துணி எடுக்க ஓசூர் போனபோது முற்றத்துக் குழாய் உண்மையாகவே உடைந்து கிடந்தது. அதனால் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது.

அதன்பிறகு தினமும் ஒரு பிராதோடு வருவார். துணிக்கொடியை அவிழ்த்துவிட்டாயா? என் கோழி ஏன் பக்கத்து வீட்டில் முட்டை இடுகிறது, நீதான் சொல்லிக்கொடுத்தாயா? சாந்தி காலையிலிருந்தே வார்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள். பதில்களைத் தயார் செய்துகொண்டாள். “நான் ஆஸ்பத்திரில இருக்கேன்ல, எப்படி அவுப்பேன்?” என்று வாதாடினாள். பலூன் ஊதத் தெரியாத கழுதை என்று சொன்னதற்காக, வீட்டம்மாவின் முகத்துக்கு நேராக வைத்து ஊதிக் காட்டினாள். எக்ஸ்ரேயில் வெள்ளை கரைந்துகொண்டு வந்தது. வீட்டுக்குப் போகும் பேச்சை டாக்டரே எடுத்தார்.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் லேசாக. பசி போனது. கண்ணைச் சுற்றி வீங்கியது. சாந்தி சோர்ந்துபோய்ப் படுத்திருந்தாள். வீட்டம்மா வந்து கோழியைப் பற்றிக் கேட்டார். அவள் வெறுமனே பார்த்தாள். வீட்டம்மா குரலை உயர்த்தினார். சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு கேரளத்துப் பெண், அந்த வார்டில் புதிய நர்ஸ், ஊசியோடு வந்தாள். வீங்கிய கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஒருமுறை குத்தினாள், மறுபடி குத்தினாள். மூன்றாவது இடம் தேடும்போது வீட்டம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“எத்தன தடவ? சொல்லு, எத்தன தடவ குத்துவ? உனக்குத் தெரியுமா தெரியாதா? நல்லா இருந்த புள்ள ஏன் இப்பிடி ஆச்சு, அதுக்குப் பதில் சொல்லிட்டுக் குத்து.”

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. கையை உருவப் பார்த்தாள். தட்டு விழுந்து எல்லாம் தரையில் சிதறியது. அவள் அழுதுகொண்டே ஓடினாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. அன்று வீட்டம்மாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்கக்கூடாது என்ற கணக்கே அவரிடம் கிடையாது. கையில் அகப்பட்டவரைக் கேட்பார். அந்தச் சின்னப் பெண் பிறகு எங்கள் கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

பெரிய அதிகாரி ஒருவர் வந்து, இந்த அம்மாவை இனி உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டம்மா அவரிடமும் யாக்கே என்றார். இந்த முறை வாட்ச்மேன்கள் இரண்டு பேர் வந்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “அவகிட்டப் போயி கேளு, என் வெத்தலப் பொட்டிய எங்க ஒளிச்சு வச்சான்னு” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் போய்ச் சொன்னேன். சாந்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “நீ சரியாவே சண்டை போடல” என்றாள். காய்ச்சல் வந்தபிறகு அவள் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

அன்று நண்பகலுக்கு முன்பு அவளைத் திரும்பவும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இளைய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது, அது இதயத்தை விரியவிடாமல் அமுக்குகிறது என்றார். ஊசி போட்டு எடுத்துப் பார்ப்போம், அதில் வராவிட்டால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

“இன்னொரு தடவை தாங்குவாளா, டாக்டர்?”

அவர் என் தோளில் கை வைத்தார். கையெழுத்துப் போட்டேன். என் மனைவி கண்ணாடிக் கதவின் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுப்பினேன், எழவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கால் தானாக வெளியே நடந்தது.

கேட்டருகில் வீட்டம்மா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்கப்போகிறார், நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் கேட்கவில்லை. பால்காரரை, நாயை, சர்க்காரை, டாக்டரை, எல்லோரையும் கேட்டவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். தூக்குப்போசியைத் திறந்து, களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து என் கையில் வைத்தார்.

“தின்னு.”

தின்றேன். மென்றுகொண்டே இருந்தேன். அவர் கேட் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, நான் அதுவரை கேட்டறியாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

“அவகிட்டச் சொல்லுப்பா. அவமேல எனக்கு ஒரு பிராதும் இல்லன்னு சொல்லிடு.”

டாக்டர் தோளில் கைவைத்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்த அம்மாவே கைவிட்டுவிட்டார் என்றால் அப்புறம் யார் இருக்கிறார்கள்? வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு உள்ளே ஓடினேன்.

ஊசி போடும் அறைக்குக் கொண்டுபோவதற்குமுன் அவள் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்க விட்டார்கள். வீட்டம்மா சொல்லியனுப்பியதை நான் சொல்லவில்லை. குனிந்து அவள் காதில், “ஏய் சாந்தி, வீட்டம்மா வெளிய கத்திக்கிட்டு இருக்காங்க. அவங்க பொட்டில இருந்த வெத்தலை பூராவையும் நீ தின்னுட்டியாமே” என்றேன். என் குரல் எனக்கே கோபமாகத்தான் கேட்டது. அது யார்மேல் வந்த கோபம் என்று தெரியவில்லை. சாந்தியின் இமை துடித்தது. உதட்டைக் குவித்தாள். “பொய்” என்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். வலியில் முனகியதாகவும் இருக்கலாம். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊசியிலேயே வந்துவிட்டது. மறுபடி திறக்க வேண்டியிருக்கவில்லை. கலங்கிய சிவப்புத் தண்ணீர், பாட்டிலைக் காட்டினார்கள். அமுக்கியது விலகியதும் நாடி உடனே எழும்பியது என்று டாக்டர் சொன்னார். அவருக்கே முகம் வேர்த்திருந்தது. சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். நான் கேட்டுக்கு ஓடி வீட்டம்மாவிடம் சொன்னேன், இரைக்க இரைக்க, தண்ணி எடுத்தாச்சு, கண்ணு முழிச்சிட்டா என்று. அவர் “ம்” என்றார். பாத்திரத்தைக் கழுவி மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். சந்தோஷமா இல்லையா என்றுகூட எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு தேற வெகுகாலம் ஆயிற்று. சாந்தி தேறினாள். ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள், முற்றத்தை நனைத்தாள், வீட்டம்மா சண்டை போட்டார். கம்பெனி மாறி நாங்கள் கிருஷ்ணகிரிக்குப் போனோம். அங்கேயே இருந்துவிட்டோம்.

சாந்தி கல்லூரியில் படிக்கும்போது, ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வீட்டம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் என் மனைவி. அவர் கணவர் இறந்திருந்தார். மகன்கள் அவர்கள் இருந்த பெரிய வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டு, அம்மாவை வரிசை வீடுகளில் ஒன்றில் வைத்திருந்தார்கள். மருமகள் வாசலிலேயே எச்சரித்தாள், “ஆள் தெரியாது. ஏதாச்சும் பேசும், மனசுல வச்சிக்காதீங்க.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாகச் சுருங்கியிருந்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். சாந்தியைக் காட்டி, “யாரிது?” என்றார்.

“சாந்திம்மா. சின்னதுல ஆபரேஷன் பண்ணமே, அந்தப் பிள்ள” என்றாள் என் மனைவி.

“அந்தப் புள்ள பூடுச்சே.”

என் மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. “இல்லம்மா. இந்தா நிக்கிறாளே.”

“எனக்குத் தெரியாதா? நான் ஆஸ்பத்திரி கேட்டாண்டதான் குந்தியிருந்தேன். இவன் வந்தான்.” என்னைக் காட்டினார். “மூஞ்சில ரத்தமே இல்ல. நான் கேக்கல. கேக்க பயமா இருந்துச்சு. கேட்டா சொல்லிடுவானே.”

இத்தனை வருஷமும் வீட்டம்மா ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருக்குள் ஒருவர் அந்த மரத்தடியிலிருந்து எழுந்து வரவே இல்லை போலிருக்கிறது.

சாந்தி கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாவணியை விலக்கி, கழுத்துக்குக் கீழே ரவிக்கை விளிம்பில் தெரியும் தழும்பின் நுனியைக் காட்டினாள். வீட்டம்மா விரலால் தொட்டார். சாந்தி அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். வீட்டம்மாவின் தலை ஒருபக்கம் சாய்ந்தது, எதையோ கவனித்துக் கேட்பவர்போல. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் பழைய கோபம்.

“எனக்கு ஏன் சொல்லல?”

அன்றைக்கே சொன்னேனே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்து, “இப்பத்தாம்மா டாக்டர் வந்து சொன்னாரு. தண்ணி எடுத்தாச்சு. பிள்ள கண்ணு முழிச்சிட்டா” என்றேன்.

வீட்டம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தியின் நெஞ்சிலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

“இப்ப என்னை உள்ள உடுவாங்களா?”

“விடுவாங்க, வீட்டம்மா” என்றாள் சாந்தி. “வாங்க.”